மொட்டை மாடிச் சாவி முதலில்: பெங்களூரில் சந்திர கிரகணம் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

சந்திர கிரகணம் என்று செய்தி வந்ததும் எங்கள் ஆபீஸில் யாராவது ஒரு தம்பி, அநேகமாகச் சேலத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், கேட்டுவிடுவார்: "அண்ணா, நந்தி மலைக்கு வண்டியை விட்டுரலாமா?" வேண்டாம் தம்பி. அறுபது கிலோமீட்டர் போனால், சாயங்காலமே கேட்டைச் சாத்தியிருப்பார்கள். லால்பாக் பாறை? அதுவும் இருட்டினால் பூட்டு. அல்சூர் ஏரிக்கரைப் பூங்காவும் அப்படித்தான்.

இந்த ஊரில் இருபது வருடமாகக் கிரகணம் பார்த்து வருகிறேன். எல்லாமே வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான். எரிகல் மழை பார்க்க வேண்டுமென்றால் ஊரைத் தாண்டி இருட்டைத் தேடிப் போக வேண்டும். நிலாவுக்கு அது தேவையில்லை. எம்.ஜி. ரோடு விளக்குக்கு நடுவே நின்றாலும் பௌர்ணமி நிலா தெரியத்தானே செய்கிறது, கிரகணமும் தெரியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், டெலஸ்கோப் வேண்டாம், லீவு போட வேண்டாம். வேண்டியது மாடிச் சாவி. பெங்களூரில் அதுதான் கஷ்டம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தக் கிரகணம் என்று பாருங்கள்

செய்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான், "சந்திர கிரகணம்". ஆனால் மூன்று வகை உண்டு. பூமியின் நிழலில் நடுவே அடர்த்தியான கருநிழல், அதைச் சுற்றி மங்கலான புறநிழல். நிலா புறநிழலை மட்டும் தொட்டுவிட்டுப் போனால் அது புறநிழல் கிரகணம். அதைப் பார்க்க அலாரம் வைக்காதீர்கள். 2027 பிப்ரவரி 21 விடிகாலை 4.43-க்கு உச்சத்துக்கு வருவது அந்த வகை. "ஏதோ லேசா அழுக்கா இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதை நம்பி ஒருவரை நடுராத்திரி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால், அடுத்த நல்ல கிரகணத்துக்கு அவர் வர மாட்டார்.

கருநிழல் ஒரு பகுதியைக் கடித்தால் பகுதி கிரகணம், முழுசாக விழுங்கினால் முழு கிரகணம். முழு கிரகணம் என்றால் எதையும் ஒத்திப்போட்டுவிட்டு மாடி ஏறலாம். பகுதி கிரகணம் என்றால் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2023 அக்டோபர் 28 இரவு, அதாவது 29 அதிகாலை 1.44-க்கு, நிலாவில் சுமார் பன்னிரண்டு சதவீத அகலம்தான் மறைந்தது. மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நேரத்தைச் சரியாக எடுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவது. சந்திர கிரகணம் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது. நிழல் விழுவது நிலாவின் மேல், அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எனவே சென்னைக்கு ஒரு நேரம், பெங்களூருக்கு ஒரு நேரம் என்று கிடையாது. சூரிய கிரகணத்துக்குத்தான் ஊருக்கு ஊர் மாறும். சந்திர கிரகணத்தில் ஊருக்கு ஊர் மாறுவது நிலா உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் மட்டும்.

உலக நேரத்தில் (UTC) கொடுத்திருந்தால் ஐந்தரை மணி கூட்டுங்கள். கூட்டும்போது தேதி மாறுகிறதா என்றும் பாருங்கள். செப்டம்பர் 7 என்று போட்டிருப்பதை 8-ஆம் தேதி ராத்திரி என்று எடுத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த மறுநாள் மாடியில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

நாலு நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும்: கடி தொடங்குவது, முழுசாக மறைவது, முழு மறைவு முடிவது, கடி விடுவது. 2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு கிரகணத்தில் அவை 9.57, 11.01, 12.23, 1.27. வீட்டில் தினசரிக் காலண்டரோ பஞ்சாங்கமோ இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஸ்பரிசம் என்று போட்டிருப்பது கடி தொடங்கும் நேரம், மோட்சம் என்பது விடும் நேரம், நடுவே மத்திமம். சில நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

பஞ்சாங்கக் கணக்கை லேசாக நினைக்காதீர்கள். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர், ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, தரையில் சோழிகளை நகர்த்தி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லியே அந்த வருடம் மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை நாலு நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 என்று கொஞ்சம் வழுக்கியது உண்மைதான். ஆனால் காகிதம், பேனா ஒன்றும் இல்லாமல்! நமக்கு போனிலேயே நொடிக்கணக்கில் வந்துவிடுகிறது, அப்போதும் தேதியைத் தப்பாகப் படிக்கிறோம்.

சாவி

சரி, விஷயத்துக்கு வருவோம். பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி என்பது உரிமையில்லை, சலுகை. தனி வீடு என்றால் ஓனர் மாடியில் துணி காயப்போட மட்டும் விடுவார், இரவு ஒன்பதுக்குப் பூட்டு. அபார்ட்மெண்ட் என்றால் அசோசியேஷன் விதி. பி.ஜி., அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி என்றால் மாடிக் கதவில் எப்போதுமே ஒரு கனமான பூட்டு தொங்கும். கேட்டால் "நீங்க சிகரெட் பிடிப்பீங்க" என்பார்கள்.

அன்றைக்கு ராத்திரி போய்க் கேட்டால் கிடைக்காது. ஒரு வாரம் முன்னாலேயே கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. "டெரஸ் சாவி வேணும்" என்று மட்டும் சொன்னால் பார்ட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். "கிரகணம் பார்க்கணும் சார், நீங்களும் குழந்தைகளைக் கூட்டிட்டு வாங்க" என்றால் கதையே வேறு. நான் முன்பு இருந்த கட்டிடத்தில் செகரட்டரி சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எதற்கும் தலையசைக்காதவர். அவருடைய பேத்தியிடம், ஆறாவது படிக்கிறவள், லிஃப்டில் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் காலை வாட்ஸாப் குழுவில் செய்தி வந்துவிட்டது: சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், ஒன்பதரைக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம், சத்தம் கூடாது.

செக்யூரிட்டி அண்ணனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஷிஃப்ட் எட்டு மணிக்கு மாறும். பகல் ஆளிடம் சொன்னது ராத்திரி ஆளுக்குப் போகாது. அவர் அசாம்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருந்து, உங்கள் இந்தியும் என் இந்தி மாதிரி இருந்தால், போனில் நிலா படத்தைக் காட்டுங்கள். புரிந்துவிடும். இன்னொன்று: மாடியில் தண்ணித் தொட்டி பக்கத்தில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு குழல் விளக்கு இருக்கும். அதன் ஸ்விட்ச் எங்கே என்று பகலிலேயே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் கீழே மீட்டர் அறையில் இருக்கும். முழு கிரகணத்தின்போது அந்த விளக்கு எரிந்தால் பாதி அழகு போச்சு.

கிழக்கே என்ன நிற்கிறது?

சந்திர கிரகணத்தன்று சூரியனுக்கு நேர் எதிரே நிலா இருக்கும். அதனால் சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் நிலா கிழக்கே உதிக்கும், விடியும்போது மேற்கே மறையும். கிரகணம் நடுராத்திரியில் என்றால் நிலா உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், எந்த மாடியும் சரிதான். மாலையிலோ விடியலிலோ என்றால்தான் தலைவலி.

2022 நவம்பர் 8 எனக்கு நல்ல பாடம். முழு மறைவு மாலை 5.12-க்கே முடிந்துவிட்டது, அப்போது பெங்களூரில் நிலா உதிக்கவே இல்லை. கிழக்கே இருக்கும் கொல்கத்தாவில் அதன் கடைசிப் பகுதி தெரிந்தது. நமக்கு 5.50 வாக்கில் உதயம், 6.19-க்குக் கடி விட்டுவிடும். அரை மணி நேரம் கிடைக்கிறதே என்று அல்சூர் வீட்டு மாடியில் காபியோடு நின்றேன். கிழக்கே ஒரு புது அபார்ட்மெண்ட், ஆறு மாடி, பச்சை வலை போர்த்திக்கொண்டு நின்றது. நிலா அதன் உச்சியைத் தாண்டி வரும்போது ஆறரை. நல்ல வெள்ளை வெளேரென்று, எந்தக் குறையும் இல்லாத முழு நிலா.

அன்றிலிருந்து முஷ்டிக் கணக்கு பார்க்காமல் மாடி ஏறுவதில்லை. கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கிக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ பத்து பாகை. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நிலா ஏறக்குறைய செங்குத்தாக, நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறும். அதாவது எதிர்க் கட்டிடம் ஒரு முஷ்டி உயரம் என்றால் உதயத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை முஷ்டி என்றால் ஒரு மணி நேரம். இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் மாடிக்குப் போய் அளந்து பார்த்துவிடுங்கள். கணக்கு இடித்தால் கிழக்குப் பக்கம் திறந்திருக்கும் நண்பர் வீட்டைத் தேட இன்னும் நேரம் இருக்கும்.

கிழக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மார்கழி, தை மாதப் பௌர்ணமி நிலா வடகிழக்கில் உதித்து நம் தலைக்கு மேலே ஏறிப் போகும். ஆனி, ஆடி நிலா தென்கிழக்கில் உதித்துத் தெற்கே சாய்ந்தபடி போகும். சூரியன் ஆறு மாதம் முன்பு எங்கே உதித்ததோ அங்கேதான் இப்போது நிலா உதிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேகம்

இதற்கு வழி கிடையாது, பொறுமைதான். பெங்களூரில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வானம் பொதுவாகத் தெளிவு. ஏப்ரல், மே மாதத்தில் பகல் முழுக்கக் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு வரும். செப்டம்பரும் அக்டோபரும் மழை அதிகமான மாதங்கள். இந்த ஊர் மழைக்கு எல்லை தெரியும் போலிருக்கிறது, இந்திராநகரில் கொட்டும்போது ஜெயநகரில் தெருப்புழுதி பறக்கும். ஆகவே "பெங்களூர்: மேகமூட்டம்" என்று போன் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வானிலைத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தை மாலையில் ஒரு தடவை, கிரகணம் தொடங்கும் முன் ஒரு தடவை பாருங்கள். மேகம் ஒரே போர்வையாகக் கிடக்கிறதா, துண்டு துண்டாக நகர்கிறதா என்பது தெரிந்தால் போதும். துண்டாக என்றால் வாய்ப்பு உண்டு.

சூரிய கிரகணத்தில் முழு மறைவு சில நிமிடம்தான், ஒரு மேகம் வந்தால் எல்லாம் போச்சு. சந்திர கிரகணம் மூன்றரை மணி நேரம் நடக்கும். 2018 ஜூலை 27 இரவுக் கிரகணத்தில் முழு மறைவு மட்டுமே ஒரு மணி 43 நிமிடம், இந்த நூற்றாண்டிலேயே நீளமானது. அவ்வளவு நேரத்தில் ஒரு சந்து கிடைக்காமல் போகாது. 2025 செப்டம்பரில் எங்கள் மாடியில் பதினொன்றேகால் வரை மேகம் கண்ணாமூச்சி ஆடியது. இருபது பேரில் பதினைந்து பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஐந்து பேருக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னலைத் திறந்த மாதிரி ஒரு இடைவெளி. செம்பு நிறத்தில், உரித்த பனங்கிழங்கு போல அடங்கிய வெளிச்சத்தோடு நிலா. நாலு நிமிடம் இருந்திருக்கும்.

கையில் என்ன

பாய் அல்லது தலையணை. நாற்காலி வேண்டாம், உச்சிநிலாவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மறுநாள் கழுத்து திரும்பாது. குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர், சால்வை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "பதினாறு டிகிரிதானே" என்று பனியனோடு வருவார்கள், ஒரு மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும். கொசுவுக்கு ஓடோமாஸ். ஃபிளாஸ்கில் டீ.

பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஐம்பது (10x50) என்று போட்ட சாதாரண பைனாகுலர் போதும். அதைக் கையில் ஆட்டிக்கொண்டு பார்க்காமல், மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். தொட்டி மேல் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். தெரியாது, நிலா அவ்வளவு தூரம்! குழந்தைகளை ஏணிப் பக்கம் விடாதீர்கள்.

மாடியில் என்ன பார்ப்பது

கடி தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள். நிலாவின் ஓரத்தில் கரிப்புகை பட்ட மாதிரி ஒரு மங்கல் தெரியும். அதுதான் புறநிழலின் உள்பகுதி. பிறகு கருநிழல் தொடும். நிலா தன் பாதையில் கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுக்குள் நுழைகிறது, அதனால் அதன் கிழக்கு ஓரத்தில்தான் முதல் கடி. நிலா கிழக்கு வானத்தில் இருக்கும்போது அந்த ஓரம் கீழ்ப்பக்கம் இருக்கும். மேலே பார்த்துக்கொண்டு "இன்னும் ஆரம்பிக்கலையே" என்பவர்களுக்குக் கீழ் ஓரத்தைக் காட்டுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் போகும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கடியின் விளிம்பைக் கவனியுங்கள். அது வளைந்திருக்கும், பிறையின் வளைவைவிடப் பெரிய வட்டத்தின் வளைவு. அது நம் பூமியின் ஓரம். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் இந்த வளைவைத்தான் சாட்சியாகக் காட்டினார். ராகுவும் கேதுவும் இல்லை, பூமியின் நிழல்தான் என்று 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். பிறைநிலாவில் இருட்டுப் பகுதிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே உள்ள கோடு கூர்மையாக இருக்கும், இதில் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். பைனாகுலரில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முக்கால்வாசி மறைந்ததும் வேகம் பிடிக்கும். மறைந்த பகுதி அதுவரை வெறும் கறுப்பாகத் தெரிந்தது, இப்போது மெல்லப் பழுப்பும் சிவப்புமாக மாறும். கடைசி வெள்ளைக் கீற்று அணையும் இரண்டு மூன்று நிமிடம்தான் முழு கிரகணத்திலேயே என் மனசுக்குப் பிடித்த நேரம். பைனாகுலர் இருந்தால் அந்தக் கீற்றின் உள்விளிம்பில் ஒரு நீலச் சாயல் தேடுங்கள். பூமியின் ஓசோன் அடுக்கு வழியாக வரும் வெளிச்சம் அது. எனக்கு எல்லா முறையும் தெரிந்ததில்லை.

முழுசாக மறைந்த பின் நிலா ஏன் காணாமல் போவதில்லை? பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அந்தக் காற்றைக் கடக்கும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நொடியில் பூமியில் எங்கெங்கே சூரியன் உதிக்கிறதோ மறைகிறதோ, அத்தனை ஊர்களின் செவ்வானமும் சேர்ந்து நிலா மேல் விழுகிறது. காற்றில் தூசி கூடினால் நிறம் கருக்கும். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலா கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நிறத்தை அளக்க டான்ஜான் அளவுகோல் என்று ஒன்று உண்டு. சுழியம் என்றால் கிட்டத்தட்ட மறைந்தே போன கறுப்பு, நாலு என்றால் பளபளக்கும் செம்பு. மாடியில் இருக்கிற எல்லாரிடமும் எண் கேட்டுப் பாருங்கள். ஒரே நிலாவுக்கு ஒருத்தர் ஒன்று என்பார், ஒருத்தர் மூன்று என்பார், பத்து நிமிடம் நல்ல சண்டை நடக்கும்.

அப்புறம் நிலாவை விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பௌர்ணமி வெளிச்சம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடுவதால், அதுவரை இல்லாத நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். தொட்டி விளக்கை அணைக்கச் சொன்னது இதற்குத்தான். பெங்களூர் வானத்தில் பால்வீதி தெரியாது, ஆனாலும் இரண்டு டஜன் நட்சத்திரம் திடீரென்று முளைப்பது நகரத்தில் வளர்ந்த குழந்தைக்குப் புதுசு. மாடிச் சுவரில் விழுந்திருந்த உங்கள் நிழல் காணாமல் போயிருப்பதையும் பாருங்கள்.

முழு மறைவு முடிந்ததும் கிளம்பிவிடுவது வழக்கம். மறுபுறத்தில் வெள்ளைக் கீற்று பொறி தட்டின மாதிரி வருவதை மட்டுமாவது பார்த்துவிட்டு இறங்குங்கள்.

போனில் படம் எடுப்பதைப் பற்றி இரண்டு வரி. நிலாவைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டுதான் வரும். சிவப்பு நிலாவுக்கு நேர்மாறு: நைட் மோட், ஸ்டாண்ட், டைமர். ஒன்றிரண்டு எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள், திரை வெளிச்சம் எல்லார் கண்ணையும் கெடுக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள்

கிரகணத்தன்று கோவில் நடை சாத்துவார்கள், அல்சூர் சோமேஸ்வரர் பக்கம் போகிற பழக்கம் இருந்தால் நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள். சில பி.ஜி.களில் அன்று சாப்பாடு சீக்கிரமே போட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஆபீஸிலிருந்து ஒன்பதரைக்கு வந்தால் காலி பாத்திரம்தான், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவைப் பார்ப்பதால் கண்ணுக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ சாப்பாட்டுக்கோ ஒன்றும் ஆகாது. கிரகணத்தன்று வருவது குறைந்துபோன நிலா வெளிச்சம், அவ்வளவே. ஆனால் கிரகண ராத்திரி ஒன்பது மணிக்கு இதை வீட்டில் வாதாடி ஜெயிக்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் பெரியம்மா தயிர்ப் பாத்திரத்திலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை போட்டு மூடிவிட்டு, "நான் வரலைப்பா, நீங்க போய்ப் பாருங்க" என்று ஜபமாலையோடு உட்கார்ந்துவிடுவார். நானும் வற்புறுத்துவதில்லை. போன தடவை பதினொன்றரைக்குக் கைப்பிடிச் சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பினால் பெரியம்மா. "சும்மா பாத்துட்டுக் குளிச்சிடறேன்" என்றார். முக்கால் மணி நேரம் நின்றார்.

மாடியே கிடைக்காவிட்டால்

ஹை கிரவுண்ட்ஸ் பக்கம் டி. சௌடையா சாலையில் ஜவஹர்லால் நேரு கோளரங்கம் இருக்கிறது. பல கிரகணங்களுக்குப் பொதுமக்களுக்காக டெலஸ்கோப் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உண்டா என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள், வரிசைக்கும் தயாராகப் போங்கள். நடுராத்திரி தாண்டும் கிரகணம் என்றால் திரும்பி வர மெட்ரோ இருக்காது, கடைசி வண்டி பதினொரு மணி வாக்கில் போய்விடும்.

வானம் முழுக்க மூடிவிட்டால் நேரலைதான். கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம், நம் ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகத்தை நடத்துகிறவர்கள், 2025 கிரகணத்தை நேரலையில் காட்டினார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். இல்லையென்றால் தெருவில் இறங்கி நில்லுங்கள். இரண்டு கட்டிடத்துக்கு நடுவே உச்சிநிலா தெரியத்தான் செய்யும், டீக்கடைக்காரரும் சேர்ந்து பார்ப்பார்.

குறித்துக்கொள்ள வேண்டிய தேதிகள்

2028 ஜூலை 6 வியாழன் இரவு பகுதி கிரகணம், 10.40 வாக்கில் தொடங்கி ஒரு மணி வாக்கில் முடியும். உச்சம் 11.50-க்கு, ஐந்தில் இரண்டு பங்கு அகலம் மறையும். ஆனி மாத மேகத்தை நினைத்தால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

நான் காத்திருப்பது அதே வருடம் டிசம்பர் 31-க்கு. ஞாயிற்றுக்கிழமை, முழு கிரகணம், இந்தியா முழுக்கத் தெரியும். கடி தொடங்குவது இரவு 8.38, முழு மறைவு 9.46-லிருந்து 10.58 வரை, விடுவது 12.06. புத்தாண்டு பிறக்கும் நொடியில் நிலாவில் கடைசித் துளி நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரை நட்சத்திரம். கிழக்கே பார்த்து நின்றால் சிவந்த நிலாவுக்கு வலப்புறம் சற்று மேலே அந்தத் திருவாதிரையே சிவப்பாகத் தெரியும். வலப்பக்கம் கீழே வானத்திலேயே பிரகாசமான சிரியஸ், இடப்பக்கம் கீழே புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள். முடியும்போது நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், முஷ்டிக் கணக்கே தேவையில்லை. விடிகாலைக்காரர்களுக்கு அதற்கு அடுத்த வருடம், 2029 டிசம்பர் 21 வெள்ளி இன்னொன்று இருக்கிறது, முழு மறைவு 3.45-லிருந்து 4.39 வரை.

டிசம்பர் 31 அன்று எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் தலை காட்டாதீர்கள். கூட்டம் நெரியும், மேம்பாலங்களையும் வழக்கமாக மூடிவிடுவார்கள். எட்டேகாலுக்குள் எந்த மாடியோ அந்த மாடிக்குப் போய்விடுங்கள். அன்றைக்கு எல்லா அபார்ட்மெண்டிலும் மொட்டை மாடியில் ஸ்பீக்கரும் சீரியல் விளக்கும் கட்டிப் புத்தாண்டுப் பார்ட்டி நடக்கும். அதனால் இந்தத் தடவை சாவிக்கு ஒரு வாரம் போதாது. நவம்பர் மாத அசோசியேஷன் கூட்டத்திலேயே எழுந்து, ஒன்பதே முக்காலிலிருந்து பதினொரு மணி வரை மாடி விளக்கை அணைக்க வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.